அத்தியாயம் 9: நல்ல பெயின்டரை அமர்த்துவது எப்படி?

புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் எதுவானாலும் முதல் மாதம் அழகாகத்தான் இருக்கும். சரியாகச் சுரண்டாமல், விரிசலை அடைக்காமல், ஈரம் காய்வதற்குள் அடித்த சுவரும் அப்படியே மின்னும். வித்தியாசம் தெரிவது ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு. ஒரு வீட்டுச் சுவர் அடித்தபடியே இருக்கும். இன்னொரு வீட்டுச் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனியின் பெயின்ட்டை வாங்கியிருக்கலாம். அடியில் செய்த வேலைதான் வேறு.

ஆகவே பெயின்டருக்கு நாம் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி, கடைசியில் மூடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வேலைக்கானது. யாரைத் தேர்ந்தெடுப்பது, எதை எழுதிக்கொள்வது, எந்தக் கட்டத்தில் போய்ப் பார்ப்பது, பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாமே அந்த மூடப்படும் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை பொங்கலுக்கு முன்புதான் வருகிறது. மார்கழியில் பெயின்டர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஒரே மேஸ்திரி மூன்று வீடுகளை ஒப்புக்கொண்டு, ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவார். கூலியும் ஏறியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சுவரில் ஏற்றிய ஈரம் மார்கழிக்குள் முழுக்க வெளியேறியிருக்காது. அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பெயின்ட்டால் மூடினால், வெயில் ஏறும்போது அது வெளியே வர வழி தேடும். பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

வெளிச்சுவருக்கு ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமானால் வரவேற்பறை, முன்வாசல், கிரில் கேட் போன்றவற்றை மட்டும் மார்கழியில் முடித்துவிட்டு, வெளிச்சுவரைக் கோடைக்கு ஒதுக்கி வையுங்கள். புது வீடு என்றால் அவசரமே கூடாது. சிமென்ட் பூச்சு வேலை முடிந்து, தண்ணீர் விட்டு, குறைந்தது 28 நாள் காய்ந்த பிறகே பட்டியும் பெயின்ட்டும். கிரகப்பிரவேசத் தேதி நெருங்குகிறது என்று இதைச் சுருக்குபவர்களுக்கு அடுத்த ஆண்டே மறுபடி செலவு செய்ய நேர்கிறது.

ஆளைத் தேடும் முன் சுவரைப் பாருங்கள்

பெயின்டரைக் கூப்பிடும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டை நீங்களே ஒருமுறை சுற்றி வாருங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் பழைய பூச்சு பொடியாகிவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டாமலோ கழுவாமலோ மேலே அடித்தால் புதுப் பெயின்ட் பிடிக்காது. விரல் மடக்கித் தட்டுங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் சிமென்ட் பூச்சே செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. அங்கே முதலில் கொத்தனார் வேலை செய்ய வேண்டும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சுவர் கறுத்து, உப்புப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். சீலிங்கில் வட்டமாகக் கறை இருந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள். குளியலறையின் மறுபக்கச் சுவர் உதிர்ந்தால் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ பாருங்கள். இவற்றில் எதையும் பெயின்ட் சரிசெய்யாது. கசிவை நிறுத்தி, சுவரைக் காயவிட்ட பிறகுதான் பெயின்டருக்கு அங்கே வேலை. ஈரம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

காரைக்குடிப் பக்கத்து வீடுகள், தஞ்சாவூர், கும்பகோணம் தெருக்களின் பழைய ஓட்டு வீடுகள் போன்ற சுண்ணாம்புக் காரைச் சுவர் வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி, தானாக வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமென்ட் பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. சில ஆண்டுகளில் பெயின்ட் தாள்போல உரியும்; அடியில் காரையும் சேர்ந்து உதிரும். அத்தகைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய ஆளையே தேடுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல மெருகேற்றிய பழைய பூச்சு இருந்தால், அதன் மேல் எதையும் அடிக்க விடாதீர்கள். மென்மையாகத் துடைத்துச் சுத்தம் செய்தாலே போதும். ஒருமுறை உப்புத்தாள் பட்டால் அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது

ஆட்கள் கிடைக்கும் வழிகள் மூன்று. தெருவில் ஏற்கெனவே வேலை பார்த்த மேஸ்திரி. பெயின்ட் கடைக்காரர் சொல்லும் ஆள். பெயின்ட் கம்பெனிகளே நடத்தும் சேவை. கம்பெனி சேவையில் அளவெடுப்பு, ரசீது, உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் இருக்கும், செலவு கூடும். சுவரில் கைவைப்பவர் அங்கேயும் உள்ளூர் கான்ட்ராக்டரின் ஆள்தான். எனவே எந்த வழியில் வந்தாலும் கீழே உள்ள சோதனைகளைத் தவிர்க்காதீர்கள்.

குறைந்தது மூன்று பேரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். போனில் சதுர அடி ரேட் மட்டும் சொல்பவரின் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வந்தவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வாசலில் நின்றபடி “மொத்தமா இவ்வளவு ஆகும்” என்பவர் ஒரு வகை. சுவரைத் தட்டி, தேய்த்து, மொட்டை மாடிக்கும் ஏறிப் பார்த்துவிட்டு, “இந்தச் சுவத்துல ஓதம் இருக்கு சார். இப்ப அடிச்சா நிக்காது. முதல்ல பாத்ரூம் கசிவைப் பாருங்க, இருபது நாள் காயட்டும், அப்புறம் நான் வரேன்” என்று சொல்பவர் இன்னொரு வகை. கையில் வந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்லும் அந்த இரண்டாமவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பழைய வேலையைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வீடு வேண்டாம்.

“மேஸ்திரி, ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க அடிச்ச வீடு ஒண்ணு சொல்லுங்க. போய்ப் பாத்துட்டு வரேன்.”

“தாராளமா பாருங்க சார். ஸ்கூலுக்குப் பின்னாடி மாடி வீடு. அந்த அம்மாகிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

இரண்டு மழைக்காலம் கண்ட சுவர் பொய் சொல்லாது. அங்கே போனால் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பு, சன்ஷேடின் அடிப்பக்கம், சன்னல் மூலை, தரையை ஒட்டிய பகுதி ஆகிய நான்கையும் பாருங்கள். உதிர்வு முதலில் தொடங்குவது இங்கேதான். வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சொன்ன நாளில் முடித்தாரா? பிறகு ஏதாவது குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா?

தேக்குக் கதவு, நிலை, ஊஞ்சல் பலகை ஆகியவற்றுக்கு வார்னிஷோ பாலிஷோ போட வேண்டியிருந்தால் அது வேறு கை. சுவர் அடிப்பவரே “நானே பண்ணிடறேன்” என்றால், அவர் பாலிஷ் போட்ட கதவு ஒன்றைப் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

எந்த முறையில் ஒப்பந்தம்

நாள்கூலி: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. சின்ன வேலை, பழுது பார்த்தல், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க முடியாத பழைய வீடு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். நீங்கள் வீட்டில் இருந்து கவனிக்க முடிய வேண்டும்.

லேபர் கான்ட்ராக்ட்: பொருளை நீங்கள் வாங்கித் தருகிறீர்கள், வேலைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு. நடுத்தர வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். எந்தப் பொருள், எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கும். விலை மலிவான சரக்கைக் கலக்கும் வாய்ப்பும் குறையும்.

மெட்டீரியலோடு கான்ட்ராக்ட்: எல்லாம் அவர் பொறுப்பு. வெளியூரில் இருப்பவர்களுக்கும் நேரமில்லாதவர்களுக்கும் வசதி. ஆனால் பெயின்ட்டின் பெயர், ரகம், எத்தனை கோட், எந்தப் பட்டி என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருந்தாக வேண்டும். “நல்ல பெயின்ட்” என்று எழுதிய ஒப்பந்தத்தை வைத்து நாளை எதையும் கேட்க முடியாது. ஒரே கம்பெனியில் அடித்தட்டு எமல்ஷனுக்கும் உயர்ந்த ரகத்துக்கும் விலையும் உழைப்பும் மிகவும் வேறுபடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயின்ட் கம்பெனிகள் பெயின்டர்களுக்கு டோக்கனாகவும் புள்ளிகளாகவும் ஊக்கத்தொகை தருகின்றன. ஒரு பெயின்டர் குறிப்பிட்ட கம்பெனியை வற்புறுத்த இதுவும் காரணமாக இருக்கலாம். அது தொழிலில் நடைமுறை. அதை மட்டும் வைத்து அவரைச் சந்தேகிக்க வேண்டாம். எந்த ரகம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். டோக்கன் கிடைத்தால் அவருக்கே போகட்டும்.

அளவும் கணக்கும்

தகராறு அதிகம் வருவது அளவில்தான். வேலை தொடங்கும் முன் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, அறைவாரியாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.

உதாரணத்துக்கு 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44 அடி. நான்கு சுவருக்கும் 440 சதுர அடி, சீலிங் 120, ஆக 560 சதுர அடி. இதில் 7 அடிக்கு 3 அடி கதவும் 4 அடிக்கு 4 அடி சன்னலும் சேர்ந்து 37 சதுர அடி. இதைக் கழிப்பதா வேண்டாமா? இந்தியத் தர நிர்ணய அளவை முறையான ஐ.எஸ். 1200 ஒரு வழி சொல்கிறது. அரைச் சதுர மீட்டர் வரையான சிறு திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 32 சதுர அடி வரை, சுவரின் ஒரு முகத்தில் மட்டும் கழிக்கிறார்கள். ஈடாக, திறப்பின் உள்விளிம்புகளைத் தனியாகச் சேர்ப்பதில்லை. சாதாரணக் கதவும் சன்னலும் தனித்தனியே இதற்குள் அடங்கும். இந்த முறையை ஏற்றாலும் சரி, வேறு முறையானாலும் சரி, முதல் நாளே பேசி முடியுங்கள். கிரில், கேட், பரண், அலமாரி உட்பக்கம் ஆகியவற்றுக்குத் தனி ரேட்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பெயின்ட் எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவிலோ கம்பெனியின் விவரத்தாளிலோ போட்டிருக்கும். ஒரு கோட்டுக்கு 120 சதுர அடி என்று இருந்தால், மேற்சொன்ன அறைக்கு இரண்டு கோட்டும் சேர்த்து 1,120 சதுர அடி. 9 லிட்டருக்குச் சற்று அதிகம். சொரசொரப்பான சுவரும் வெளிச்சுவரும் கூடுதலாகக் குடிக்கும். கலர் கலந்து வாங்கும் பெயின்ட்டை ஒரே தடவையில் வாங்குங்கள்; வெவ்வேறு நாளில் கலந்தால் சாயல் சிறிது மாறக்கூடும். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் கலர் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளில் இருவர் கையெழுத்தும் இருந்தால் போதும். கீழ்க்கண்டவை அதில் இருக்க வேண்டும்:

1. எந்தெந்த அறை, எந்தெந்த வெளிச்சுவர், அறைவாரி அளவு.
2. ஒவ்வொரு சுவருக்கும் செய்ய வேண்டிய வேலை வரிசை: சுரண்டல், கழுவுதல், விரிசல் அடைத்தல், பட்டி எத்தனை கோட், உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பெயின்ட் எத்தனை கோட்.
3. பட்டி, பிரைமர், பெயின்ட் ஒவ்வொன்றின் கம்பெனி, ரகம், கலர் எண்.
4. சாரம் கட்டும் செலவு, ஏணி, பிரஷ், ரோலர், உப்புத்தாள் ஆகியவை யார் பொறுப்பு.
5. சாமான்களை நகர்த்துவது, மூடுவது, கடைசியில் தரையும் சன்னல் கண்ணாடியும் துடைப்பது யார்.
6. தொடங்கும் நாள், முடியும் நாள், தினமும் வரும் ஆட்களின் எண்ணிக்கை.
7. பணம் கொடுக்கும் கட்டங்கள்.
8. முடிந்த பிறகு எத்தனை மாதம் வரை உதிர்வு, கொப்புளம் வந்தால் கூலியில்லாமல் சரிசெய்து தருவார்.

எழுதக் கேட்டால் மேஸ்திரி வருத்தப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். “மறந்துபோகாம இருக்க எழுதிக்கலாம் அண்ணே, உங்களுக்கும் ஒரு காப்பி” என்று சொல்லுங்கள். நல்ல வேலைக்காரருக்கு அந்தத் தாள் பாதுகாப்புத்தான். பாதியில் நீங்கள் புதிதாக வேலை சேர்த்தால் அதற்குத் தனிக் கூலி கேட்க அவருக்கும் அதுவே ஆதாரம்.

நான்கு இடங்களில் நிறுத்திப் பாருங்கள்

நாள் முழுக்கப் பின்னால் நின்று கவனித்தால் வேலை செய்பவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். அடுத்த பூச்சு மூடும் முன் நான்கு முறை மட்டும் பாருங்கள். “நான் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலாவது, சுரண்டி முடித்ததும். பழைய பொருக்கு போய்விட்டதா, பாசியும் பூஞ்சையும் கழுவப்பட்டதா, விரிசலைச் சற்று அகலப்படுத்தி அதற்குரிய கலவையால் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டியை மட்டும் தடவி மறைத்த விரிசல் மீண்டும் தெரியும்.

இரண்டாவது, பட்டி தேய்த்த பிறகு. டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். ஒயிட் சிமென்ட் பட்டிக்குச் சுவர் லேசாக நனைந்திருக்க வேண்டும்; குழைத்ததை இறுகும் முன் பயன்படுத்த வேண்டும். இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பின்னால் பொடியாக உதிரும். பழைய எமல்ஷன் மேல் சிமென்ட் பட்டி சரியாக ஒட்டாது. அங்கே அடிவரை சுரண்ட வேண்டும், அல்லது அக்ரிலிக் பட்டி வேண்டும். அக்ரிலிக் பட்டி உள்சுவருக்கு மட்டுமே.

மூன்றாவது, முதல் கோட் காய்ந்ததும். டப்பாவை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டப்பாவில் இருக்கும். அளவு குவளையால் ஊற்றச் சொல்லுங்கள். அதிகம் கலந்தால் பரப்பு கூடும், ஆயுள் குறையும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் டப்பாவில் போட்ட இடைவெளி இருக்க வேண்டும். வெளிச்சுவரை வெயில் நேராகத் தாக்கும்போது அடித்தால் பெயின்ட் சுவரில் பரவும் முன் காய்ந்துவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் செய்யச் சொல்லுங்கள்.

நான்காவது, கடைசிக் கோட் முடிந்த மாலை. டியூப் லைட்டைப் போட்டுப் பாருங்கள். பகலில் தெரியாத திட்டுகளும் ரோலர் தடங்களும் அப்போது தெரியும். பென்சிலால் எழுதாமல், மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள்.

காலி டப்பாக்களை வேலை முடியும் வரை வீட்டிலேயே வைத்திருந்து, ரசீதோடு எண்ணிப் பாருங்கள்.

வேலை செய்பவரின் உயிரும் உங்கள் வீட்டாரின் உடல்நலமும்

வெளிச்சுவர் வேலையில் பெரிய ஆபத்து இரண்டு: விழுவதும் மின்சாரமும். சவுக்குக் கம்பு சாரம் கட்டினால் முடிச்சுகளையும் அடிக்கால்களையும் மேஸ்திரி தினமும் பார்த்த பிறகே ஆள் ஏற வேண்டும். கயிற்றில் தொங்கி அடிப்பதானால் இடுப்புப் பட்டையும் தனிப் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் அனுமதிக்காதீர்கள். வீட்டை ஒட்டி மின்கம்பி போனால் முன்கூட்டியே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அந்தப் பக்கம் வேலை நடக்கும் நேரத்தில் இணைப்பை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். நீளமான ரோலர் கம்பியும் அலுமினிய ஏணியும் அங்கே உயிருக்கு உலை.

வந்த ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1994 முதல் இயங்கும் இந்த வாரியத்தில் பெயின்டர்களும் உறுப்பினராகலாம். விபத்து உதவி உண்டு. பதிவு செய்யாதவருக்கு அதை எடுத்துச் சொல்வது, அவர் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் நல்ல காரியம்.

பழைய வீட்டில் கதவு, சன்னல், கிரில்களின் எனாமல் பூச்சைத் தேய்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் அதிகமாக இருக்கலாம். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்வாகத் தேய்க்காமல் ஈரத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ப்பவருக்கு முகக்கவசம் கொடுங்கள். அந்த அறையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்க வேண்டாம். தூசைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பணமும் முடிவும்

முன்பணத்தை மொத்தக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியைப் பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பகுதி, முதல் கோட் முடிந்ததும் ஒரு பகுதி என்று பிரியுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கைத் திருத்தங்கள் முடிந்து, துடைத்துச் சுத்தம் செய்த பிறகு கொடுங்கள். கட்டம் முடிந்த அன்றே பணம் போய்விட வேண்டும். மேஸ்திரி தன் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் தர வேண்டியவர். நீங்கள் இழுத்தடித்தால் நல்ல கைகள் வேறு வீட்டுக்குப் போய்விடும். மூன்று பேரில் குறைந்த விலை சொன்னவரிடம் இன்னும் பேரம் பேசிக் குறைத்தால், அந்தக் குறைவு சுரண்டலிலும் பட்டியிலும் பிரைமரிலும்தான் கழியும். பேரம் பேச வேண்டுமானால் வேலையின் பரப்பைக் குறைத்துப் பேசுங்கள். பின்பக்க அறையை அடுத்த வருடத்துக்கு விடுங்கள். வேலையின் தரத்தைக் குறைக்கக் கேட்காதீர்கள்.

கணக்கு முடிக்கும் நாளில் ஒவ்வொரு கலரிலும் அரை லிட்டரை மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி, அறையின் பெயர் எழுதி வாங்கி வையுங்கள். ஒப்பந்தத் தாள், ரசீதுகள், கலர் எண் போட்டோ மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் முன்பு சொன்ன நான்கு இடங்களையும் உங்கள் வீட்டில் பாருங்கள். குறை தெரிந்தால் அந்த வாரமே மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். விரல் அகல உதிர்வைச் சரிசெய்வது அரை நாள் வேலை. குறை எதுவும் இல்லை என்றாலும் போன் செய்து அதைச் சொல்லுங்கள். அடுத்து அவரைத் தேடும் யாராவது இரண்டு மழை கண்ட வீடு பார்க்க வேண்டும் என்று கேட்டால், உங்கள் வீட்டைக் காட்டச் சம்மதியுங்கள்.